ஏறி வந்த சூட்டோடு அணைக்காதே

கல்யாணத்துக்குப் பதினேழு நாள்தான் இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை எப்படியும் வீட்டுக்கு வரப்போகிற மகனுக்கு, கோயமுத்தூர் விலாசம் போட்டு அப்பன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று உனக்குச் சந்தேகம் வரும். வரட்டும். என் பிள்ளைக்கு வராமல் வேறு யாருக்கு வரும்? நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே பேச்சை எனக்குச் சாதகமாகத் திருப்பிவிடுவேன். ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் அதைத்தான் செய்துகொண்டு வந்திருக்கிறேன். எழுத்தில் அப்படி நழுவ முடியாது, அடித்துத் திருத்தினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். கவரை ஒட்டிய பிறகு ஒட்டிய இடத்தின் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போடுவேன். கோடு விலகியிருந்தால் நடுவில் எவனோ பிரித்துப் பார்த்திருக்கிறான் என்று அர்த்தம். அப்படியிருந்தாலும் நீ படி.

போன வாரம் நீ எழுதியிருந்தாய், மாமன் சீர் செய்வதற்கு மாமன் முறையாகிற யாரையாவது நிறுத்திக்கொள்ளலாம், அந்த ஆளைக் கூப்பிட வேண்டாம் என்று. அந்த ஆள் என்று நீ சொன்னது உன் அம்மாவின் ஒரே தம்பியை. அந்தச் சொல்லை நீ வேறெங்கும் கற்றுக்கொள்ளவில்லை, என் வாயிலிருந்துதான் எடுத்திருக்கிறாய். உன் அம்மா கடிதத்தைப் படித்தாள், மடித்தாள், மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள். எட்டு வருஷமாக இந்த விஷயத்தில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருப்பதற்குள் என்ன வைத்திருக்கிறாளோ என்று நான் அதையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத் தண்ணித்தொட்டி பக்கம் போய்ப் பார்த்தேன். மாடு எப்போதோ குடித்து முடித்திருந்தது. அவள் வெறும் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

என் புத்தி உனக்குத் தெரிந்ததுதான். மண்ணெண்ணெய் பாட்டிலில் மட்டம் தெரிய நூல் கட்டி வைப்பவன் நான். நெல்லு மூட்டையை நான் ஒரு விதமாகத் தைப்பேன், வேறு எவன் பிரித்துத் தைத்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். நம் ஊர் எருத்தேன்பதியில் என்னிடம் கடன் கேட்க யாரும் வருவதில்லை, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. நான் யாரிடமும் ஏமாந்ததில்லை என்று உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். யாரிடமும் ஏமாறாமலே ஒரு மனுஷன் எவ்வளவு நஷ்டப்பட முடியும் என்பதை மட்டும் உனக்குச் சொல்லவில்லை.

நம் பிளசர் காரின் கதை உனக்குப் பாதிதான் தெரியும். அமெரிக்காவில் செய்த அந்தப் பழைய வண்டியை நான் வாங்கும்போது, குடம் குடமாகப் பெட்ரோல் குடிக்கும் எஞ்சின் அதில் இருந்தது. உன் மாமன்தான் அதைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, நொறுங்கிப்போன ஒரு சின்ன லாரியிலிருந்து எடுத்த டீசல் எஞ்சினைப் பொருத்தினான். எஞ்சின் உட்காரும் இடத்தை அறுத்து, புதிதாகத் தாங்கி செய்து, கியர் பெட்டியோடு சேர்வதற்கு நடுவில் ஒரு தகடு கடைந்து, வேப்பமரத்தடியில் நாற்பது நாள் வேலை செய்தான். அதற்குப் பிறகு வண்டி பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மூணாறுக்கு ஓடியது. எஸ்டேட்டில் பிள்ளை பெற்ற மகளைப் பார்க்கப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள், மேலேயிருந்து ஆஸ்பத்திரிக்கு இறங்குகிறவர்கள் என்று ஆள் குறைந்ததே இல்லை. கீழே நன்றாகத்தான் ஓடும். மறையூரைத் தாண்டி மேட்டில் ஏறினால் கறுப்புப் புகையாகக் கக்கும், மூச்சு வாங்கும். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு பேர் இறங்கி நடக்க வேண்டியிருக்கும். பெண் பார்க்கப் போகிறவனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளிய நாளும் உண்டு.

உன் மாமன் அதற்கு முன்னால் இடுக்கி அணை வேலையில் மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன். அங்கே கழித்துப் போட்டதை ஏலத்தில் எடுத்த ஒருவனிடமிருந்து ஒரு டர்போவை வாங்கிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான். பாறை துளைக்கிற கம்ப்ரஸரின் எஞ்சினில் இருந்ததாம். பார்ப்பதற்கு இரண்டு நத்தை ஓட்டை முதுகோடு முதுகு சேர்த்து வைத்த மாதிரி இருந்தது. எஞ்சின் விடும் புகையின் வேகத்தில் ஒரு பக்கச் சக்கரம் சுற்றும், அதே தண்டின் மறு நுனியில் இருக்கிற சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் என்று விளக்கினான். போகிற புகை திரும்ப வந்து வேலை செய்யும் என்றால் எனக்கு எப்படியிருக்கும்? சும்மா கிடைக்கும் எதையும் நான் நம்புவதில்லை. ஆனாலும் பொருத்தினான். பொள்ளாச்சியில் குழாய்களை வெல்டு வைத்து, அந்தத் தண்டுக்கு எஞ்சினிலிருந்து ஆயில் போக மெல்லிய செம்புக்குழாய் ஒன்று இழுத்துவிட்டான். முதல் நாள் ஏழு பேரோடு மறையூர் மேட்டில் வண்டி விசில் அடித்துக்கொண்டு ஏறியது. நீ பின் சீட்டில் இருந்தாய், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது. உடனே, இவ்வளவு நல்ல சாமானை எவனாவது கழற்றிக்கொண்டு போய்விட்டால் என்ற நினைப்பும் வந்தது.

அன்று சாயந்திரமே இரும்பில் புள்ளி குத்துகிற சென்டர் பஞ்சையும் சுத்தியலையும் எடுத்துப் போய், டர்போவின் வெளி ஓட்டில் யார் கண்ணிலும் படாத அடிப்பக்கத்தில் மூன்று புள்ளி தட்டினேன். பட்டறைக்கு வண்டி விடுகிறவர்கள் பாட்டரி நம்பரைக் குறித்துக்கொள்வார்கள், ஸ்டெப்னியில் பெயிண்ட் வைப்பார்கள், அது ஊர் வழக்கம். நான் என் மச்சினன் பூட்டிய சாமானுக்கு, அவனுக்கே தெரியாமல் புள்ளி வைத்தேன். அதற்கு ஏற்றாற்போல அதே வாரம் உடுமலை லாரிக்காரன் ஒருவன் அதை விலைக்குக் கேட்டதாகக் காதில் விழுந்தது. மறையூர் டீக்கடையில் அவனும் உன் மாமனும் பேசிக்கொண்டு நின்றதை என் கண்ணாலேயே பார்த்தேன். என்ன பேச்சு என்று கேட்டதற்கு நல்ல ஆயில் ஃபில்டர் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தேன் என்றான். ஃபில்டருக்கு அவ்வளவு நேரமா என்று மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன்.

இப்போது நான் சொல்லப்போகிறதைக் கவனமாகப் படி. பூட்டிய முதல் நாளிலிருந்தே உன் மாமன் ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னான். "ஏறி வந்த சூட்டோட அமத்தாதீங்க மாமா. ரெண்டு நிமிஷம் சும்மா ஓடட்டுங்க, அப்பறமா நிறுத்துங்க." டீசல் எஞ்சின் என்பதால் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும், இழுத்தால் நின்றுவிடும், உனக்குத் தெரியும். நான் மூணாறு போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அதை இழுப்பேன். வண்டியோடு கூடவே வருகிற இவன் இரண்டு நிமிஷம் எதற்குக் கேட்கிறான்? நான் டீ குடிக்கப் போய்விட்டால் ஓடுகிற வண்டியோடு தனியாக நிற்பதற்கா? அதனால் எஞ்சினை அணைப்பேன், அந்தக் கையோடு பானெட்டைத் தூக்குவேன், துணியைச் சுற்றிக்கொண்டு சூட்டோடு சூடாக அடியில் கையைவிட்டு மூன்று புள்ளியும் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். ஆயில் பார்க்கிறேன் என்று அவனிடம் சொல்வேன். நாலு மாதம் போய்ச் சேர்ந்த இடத்திலெல்லாம் இதைச் செய்தேன். என் விரல் நுனியில் கொப்புளம் வந்தது கூட உனக்கு நினைவிருக்கும்.

நாலாவது மாதம் விசில் போய் அரைக்கிற சத்தம் வந்தது. நீலப் புகை வந்தது. வீட்டுக்கு வந்து குழாயைக் கழற்றித் தண்டை ஆட்டிப் பார்த்தேன், ஆடுகிற பல் மாதிரி ஆடியது. புள்ளி மூன்றும் அப்படியே இருந்தன. வேறொருவனாக இருந்தால் சாமான் கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பான். நான் நினைத்தது என்ன தெரியுமா? புள்ளி இருப்பதை எப்படியோ தெரிந்துகொண்டு, வெளி ஓட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே இருந்த தண்டையும் சக்கரத்தையும் மட்டும் மாற்றிவிட்டான் என்று. வேப்பமரத்தடியில், உன் அம்மாவுக்கு முன்னால், அவனைக் கேட்டேன். "ஓடு என்னுது. உள்ளுக்கு இருக்கறது ஆருது மாப்ளே?" அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் முகத்தைப் பார்த்தேன். மாட்டிக்கொண்டான், அதுதான் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு செய்ததைத்தான் என்னால் இன்றைக்கும் ஒழுங்காக எழுத முடியவில்லை. அவனுடைய சாமான் பையை நானே பார்த்திருக்கலாம். பெரிய மனுஷன், மச்சினன் பையில் கைவிட்டான் என்று நாளைக்குப் பேச்சு வரக்கூடாதென்று உன்னைக் கூப்பிட்டேன். நீ அப்போதுதான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு அவனோடு ஸ்பேனர் பிடித்துக்கொண்டிருந்தாய். பையைக் கொட்டிப் பார் என்றேன். நீ அவனைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய், பிறகு கொட்டினாய். ஸ்பேனர்கள், கட்டிங் பிளேயர், ஒரு சோப்பு, உன் அளவுக்கு எடுத்த புதுச் சட்டைத்துணி ஒன்று. வேறு ஒன்றும் இல்லை. "இங்க இருக்காது, எப்பவோ கை மாத்தியிருப்பான்" என்று நான் உனக்குச் சொன்னேன். நீ அதை நம்பினாய். அப்பன் சொன்னால் பிள்ளை நம்பாமல் என்ன செய்யும்? அவன் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, துணியை மட்டும் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனான். அந்தத் துணி யாருக்கும் தைக்கப்படாமல் இத்தனை வருஷமும் நம் வீட்டிலேயே கிடந்தது.

மூன்று வருஷம் டர்போ இல்லாமல் தள்ளிக்கொண்டே ஓட்டினேன். பிறகு அதே மாதிரி இன்னொன்று கிடைத்து, பொள்ளாச்சியில் வேறொரு மெக்கானிக்கிடம் பூட்டினேன். அதற்கும் மூன்று புள்ளி வைத்தேன், அதையும் மேலே போனதும் தடவிப் பார்த்தேன். மூன்றே மாதத்தில் அதே அரைக்கிற சத்தம். அந்த மெக்கானிக்கும் திருடன் என்று முடிவு கட்டிக்கொண்டு, மூணாற்றில் ஒரு தேயிலை ஃபாக்டரியில் எஞ்சின் பார்க்கிற திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் சாட்சிக்காக அதைக் கொண்டுபோனேன். அவர் பிரித்துத் தண்டை வெளியே எடுத்தார். தண்டு நீலம் பாரித்து, அதைத் தாங்குகிற புஷ் கருகிக் கிடந்தது. என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "ஏறி வந்த உடனே எஞ்சினை நிப்பாட்டிப் போடுவீகளோ அண்ணாச்சி? சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும், எண்ணெய் மட்டும் நின்னு போகும். பெறகு அது எப்படி உருப்படும்?" புள்ளி இருக்கிறதா என்று பார்க்கும் அவசரத்தில் இரண்டு டர்போவையும் என் கையாலேயே கொன்றிருக்கிறேன். யாரும் எதையும் மாற்றவில்லை.

இதோடு போயிருந்தால் நான் அரை மனுஷனாகவாவது இருந்திருப்பேன். அன்றைக்கே உன் மாமனைத் தேடிப் போயிருக்க வேண்டும். அவன் பள்ளிவாசல் என்கிற ஊரில் கொட்டகை போட்டு எஸ்டேட் ஜீப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். மூணாற்றிலிருந்து நாலைந்து மைல்தான். நான் போகவில்லை. திருநெல்வேலிக்காரரும் உன் மாமனும் கூட்டாளிகளாக இருக்கலாம், இவன் சொல்லிக்கொடுத்து அவர் சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் அவர் புஷ் மாற்றிக் கொடுத்த நாளிலிருந்து நான் சூட்டோடு அணைப்பதில்லை, அந்த டர்போ இன்றுவரை ஓடுகிறது. ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு நிமிஷம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, பொய் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கே தெரியும். நாலரை வருஷம் அப்படி உட்கார்ந்தேன். வெட்கமாக இருக்கிறதடா.

இதற்கு நடுவில் உன் அம்மா தம்பிக்கு ரகசியமாகக் கடிதம் போடுகிறாள் என்று ஒரு எண்ணம். அவள் டிரங்குப் பெட்டி மூடியின் இடுக்கில் ஒரு தலைமுடியை வைத்துவிட்டுப் போவேன், சாயந்திரம் வந்து பார்ப்பேன். ஒரு நாள் திறந்தே கிடந்தது. உள்ளே துழாவிக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்தே சொன்னாள், "பாத்து முடிச்சுட்டீங்கன்னா பெட்டிய மூடிப்போடுங்க. பூச்சி பூந்துக்கும்." கடிதங்கள் இருந்தன, மேலாகவே, அடுக்கி. எல்லாவற்றிலும் அவன் உன்னைத்தான் விசாரித்திருந்தான். நீ புதிதாகக் குடித்தனம் வைக்கப் போகிறாய், அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். உன்னை நம்பி வருகிறவளின் பெட்டியை நீ திறக்காதே. சந்தேகத்தோடு தேடுகிறவனுக்கு எதுவும் கிடைக்காமல் போனாலும் அவன் திருந்துவதில்லை, இன்னும் நன்றாகத் தேட வேண்டும் என்றுதான் நினைப்பான். நான் அப்படித்தான் நினைத்தேன்.

வெறும் வாளியோடு அவள் நின்றதைப் பார்த்த மறுநாள் காலையில், யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்தேன். மூணாறு தாண்டி, பவர் ஹவுஸ் தாண்டி, எஸ்டேட் பாதையில் மேட்டில் ஏறினால் அவன் கொட்டகை. வாசலில் நிறுத்தினேன். இறங்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்தேன். விசில் தணிந்து வந்தது. உள்ளேயிருந்து அவன் வேஸ்ட் துணியில் கை துடைத்துக்கொண்டு வந்து நின்றான். முன் பக்கம் நரைத்துப்போயிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, பானெட்டைப் பார்த்துக்கொண்டு காது கொடுத்து நின்றான். அப்புறம் அவனே சொன்னான், "போதுமுங்க மாமா. இப்ப நிறுத்தலாமுங்க." குமிழை இழுத்தேன்.

நான்தான் கெடுத்தேன் என்று சொன்னேன். தெரியும் என்றான், அன்றைக்கே தெரியும், தண்டு ஆடியதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது என்றான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் நம்பியிருப்பீர்களா என்று திருப்பிக் கேட்டான். டீ வாங்கிக் கொடுத்தான். கல்யாணத்தைச் சொன்னேன், மாமன் சீருக்கு நீதான் வந்து நிற்க வேண்டும் என்றேன். கையிலிருந்த வேஸ்ட் துணியை மடித்துக்கொண்டே சொன்னான். "நீங்க திருடன்னது கூட ஆறிப்போச்சுங்க. என்ர பைய நீங்களே பாத்திருக்கலாமுங்க மாமா. பையன் கைய எதுக்குங்க உள்ள உட வெச்சீங்க? வர்றதா வேண்டாமான்னு அவனே வந்து கேக்கட்டுங்க."

திரும்பும்போது என் புத்தி என்னோடுதான் வந்தது, அதையும் மறைக்கவில்லை. நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவன் பானெட்டைத் திறந்து எதையோ செய்துகொண்டிருந்தான். மறையூர் வந்ததும் வண்டியை ஓரம் கட்டினேன், இரண்டு நிமிஷம் ஓடவிட்டேன், அணைத்தேன், பானெட்டைத் தூக்கினேன். ஆமாம், தடவிப் பார்த்தேன். புள்ளி மூன்றும் இருந்தன. ஆனால் ஒரு சாமானை மாற்றியிருந்தான். ஆயில் போகிற செம்புக்குழாய் ஒரு இடத்தில் கசிந்துகொண்டிருந்தது, நான் துணிக் கிழிசலைச் சுற்றி வைத்திருந்தேன். அந்த இடத்தில் பளபளவென்று புதுக்குழாய் இருந்தது. பழையதைத் தாளில் சுற்றி முன் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தான், நான் எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. ரோட்டோரத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். பஸ்ஸில் போனவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை வந்ததும் சனிக்கிழமை காலையில் நீ வண்டியை எடுத்துக்கொண்டு போ. அம்மா வருகிறேன் என்றால் கூட்டிக்கொண்டு போ. அவனிடம் என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லித் தரப்போவதில்லை, நான் சொல்லித் தந்ததெல்லாம் போதும். கொட்டியவன் நீ என்றாலும் கொட்டச் சொன்னவன் நான், இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். அந்தச் சட்டைத்துணியைத் தையல்காரனிடம் கொடுத்திருக்கிறேன். இப்போதைய உன் உடம்புக்குத் துணி போதாது, கை மட்டும் அரைக்கையாக வரும் என்றான். அதைப் போட்டுக்கொண்டு போ. மேலே போய்ச் சேர்ந்ததும் உடனே இறங்காதே. எஞ்சின் ஓடட்டும். சத்தம் கேட்டு அவனே வெளியே வருவான்.

பெருமாட்டியில் இருக்கிற நம் தோப்பிலிருந்து தேங்காய் இறக்கி, அவன் வீட்டுக்கென்று டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன். நாற்பது என்று எண்ணித்தான் அடுக்கினேன், கை அப்படியே பழகிவிட்டது. பிறகு மூடப்போனவன் திரும்பி வந்து, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அதன் மேல் இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டேன். இப்போது எத்தனை இருக்கிறது என்று எனக்கே தெரியாது.